மூச்சு விடும் ஊற்று

அன்று காலை சலவைக்கடையின் பின்பக்கம் இருந்தவர்கள்:

சலவைக்கடைக்காரி. இந்தக் கதையில் எல்லோருக்கும் அக்கா. ஒருவனுக்கு மட்டும் சொந்த அக்கா.

அந்த ஒருவன். நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு அலுவலகத்தில் நில அளவையாளன். அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் ஊற்றுக்கண்.

அவனுடைய இயக்குநர். குடையோடு.

வால்வுக்காரர். குடிநீர் அலுவலகம். இவரை யாரும் அழைக்கவில்லை. ஆனால் இவர் இல்லாமல் தண்ணீர் இல்லை.

தவளைகள். நிறைய.

நான். ஒரு போர்வையைத் திருப்பி வாங்க வந்தவன்.

இருந்திருக்க வேண்டியவர்கள்: தலைமையகத்தின் ஒப்புதல் குழு. அவர்கள் தாமதமாக வந்ததால்தான் இது கதை. நேரத்துக்கு வந்திருந்தால் ஒரு செய்திக்குறிப்போடு முடிந்திருக்கும்.

1

கதை எங்கிருந்து கிடைத்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம். கதையைத் தேடி நான் போகவில்லை, போர்வையைத் தேடிப் போனேன். இரவு வேலையை விட்டுவிட்டேனே தவிர பகல் தூக்கத்தை விடவில்லை. வெளிச்சத்தில் தூங்குகிறவனுக்குக் கனமான போர்வை வேண்டும். சலவைக்குப் போட்டு நாளாகியிருந்தது.

"இன்னிக்குக் கடை இருக்குமான்னே தெரியல, ஒனக்குப் போர்வையா?" என்றாள் அக்கா.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கதை இருப்பது எருமைக்குக்கூடத் தெரியும். உட்கார்ந்துவிட்டேன்.

குழுவுக்காக எல்லோரும் காத்திருந்த நேரத்தில் காதில் விழுந்தது பாதி. அக்கா சொன்னது கொஞ்சம். வால்வுக்காரர் சொன்னதில் எது நிஜம், எது கப்சா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். ஊற்றுக்கண்ணின் மண்டைக்குள் நடப்பதாக நான் எழுதுவதெல்லாம் என் கைச்சரக்கு. அவனிடமே கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றான். இதை வைத்துக்கொண்டு யார் என்ன எழுத முடியும்?

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"நதி பிறக்கும் இடத்தில் ஆதிகால மௌனம் ஒன்று உறைந்திருக்கும். அந்த மௌனத்தின்

(வேண்டாம். இந்த நதி பிறந்த இடத்தில் சலவை இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது.)

இரண்டாவது:

"நீர்ப்பிடிப்புப் பகுதி மீட்புத் திட்டத்தின் முதற்கட்டமாக, தொடர்புடைய துறைகளின் ஒருங்கிணைப்போடு

(இதைப் படிக்க என்னாலேயே முடியவில்லை.)

மூன்றாவது:

அக்காவின் கடைச் சுவரில் அந்தப் பலகையை ஆணி அடித்து மாட்டியது அவளுடைய சொந்தத் தம்பியேதான்.

இது இருக்கட்டும்.

ஏணி அக்காவுடையது. சுத்தியலும் அவளுடையது. "கோணலா இருக்கு பாரு, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கு" என்று கீழே நின்று சொன்னதும் அவள்தான். தம்பி வேலை செய்வதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தது அதற்குப் பிறகு.

'நதியின் பிறப்பிடம். பாதுகாக்கப்பட்ட பகுதி. இங்கே சோப்பு, சாயம், கழிவுநீர், மண் தோண்டுதல் கூடாது.'

சலவைக்கடைச் சுவரில் சோப்பு கூடாது என்று பலகை. அக்கா அதை இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தம்பி மேலேயே தொங்கிக்கொண்டிருந்தான். (அவன் அப்போதே இறங்கிவிட்டான். தொங்கினால் நன்றாயிருக்கும் என்று எழுதினேன்.)

3

ஊற்றைக் கண்டுபிடிக்க அந்த அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. கோடை உச்சத்தில் இருக்கும்போது, எல்லாம் காய்ந்து கிடக்கையில், ஓடைத் தடத்தில் மேல்நோக்கி நடக்க வேண்டும். கடைசி ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் வற்றாத ஊற்று. அங்கிருந்துதான் நதி தொடங்குகிறது. அங்கிருந்துதான் பாதுகாப்பு எல்லைக்கோடும் தொடங்கும். நல்ல முறைதான். மலையில் பிசகாமல் வேலை செய்யும். ஆனால் ஊருக்குள் கோடையில் வற்றாமல் வருவது ஊற்று மட்டும் அல்ல.

ஊற்றுக்கண்ணும் இயக்குநரும் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேர்ந்த இடம் அக்கா கடையின் பின்சுவர். சுவரின் அடியில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் இடுப்பளவு கோரை.

"மேடம், இது குழாயா இருக்குமோ?" என்று கேட்கத்தான் செய்தான். அவனுக்கு அந்த நியாயத்தைச் செய்துவிட வேண்டும்.

"கோரையப் பாருங்க. குழாய்ல கோரை மொளைக்குமா?"

"மொளைக்காது மேடம்."

எழுதிக்கொண்டான்: ஊற்று.

இவனிடம் உள்ள கோளாறே இதுதான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி. சின்ன வயதில் வெங்காயம் வாங்க அனுப்பினால் வழியில் யாரோ சொன்னார்கள் என்று உருளைக்கிழங்கோடு வருவான் என்பது அக்காவின் நெடுநாள் புகார். அவனிடம் கெட்ட எண்ணம் கிடையாது. சொந்த எண்ணமும் கிடையாது. நல்ல பிள்ளை என்று ஊரில் பேர் வாங்க இது போதும்.

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனைச்சாலை தேடச் சொன்னதையெல்லாம் தேடிவிட்டு, இவ்வளவு தூய்மையான நீரை நாங்கள் பார்த்ததே இல்லை என்று எழுதி அனுப்பியது. குளோரினைத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊற்றில் யார் குளோரினைத் தேடுவார்கள்?

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருந்தது. ஊற்று காலையில் பொங்கும், பிறகு அடங்கும், மாலையில் மறுபடி பொங்கும். ஊற்றுக்கண் தன் அறிக்கையில் 'மூச்சு விடும் ஊற்று' என்று எழுதினான். எழுதும்போது அவனுக்கே புல்லரித்தது. தலைமையகத்தில் அதைப் படித்து ஒருவர் கண் கலங்கியதாகக் கேள்வி.*

* நல்ல தலைப்பு. அதனால் நானும் எடுத்துக்கொண்டேன். இதை எழுதியவன் எழுத்தாளன் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அக்கா ஒருத்திதான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். "அது குழாய்டா. என் கடைக் குழாய்ல காத்து வருது, சுவத்துக்குப் பின்னாடி தண்ணி வருது. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி?" குழாயில் வராத தண்ணீரைப் பின்னால் போய் வாளியில் மொண்டு வந்துதான் அவள் துணி துவைத்தாள். வேலி போட்ட பிறகு அதற்கும் வழியில்லை.

கடையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் எதையும் சொல்வாள் என்று அலுவலகம் நினைத்தது. தம்பியும் அப்படித்தான் நினைத்தான். அலுவலகம்தானே கடைசியாகப் பேசியது.

4

இப்போது வால்வுக்காரர்.

அவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வந்த நாளை நான் பார்க்கவில்லை, ஆனால் ஊற்றுக்கண் உட்காரும் அந்த அறை எனக்குத் தெரியும். மாடியில், ஜன்னலோரம், பிளாஸ்டரில் செய்த நதியின் மாதிரி வடிவம் ஒன்று மேசையை அடைத்துக்கொண்டிருக்கும். நீல வண்ணம் விரல் பட்டுப் பட்டு உரிந்துபோயிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதில் விரல் வைத்து நதியை மேலிருந்து கீழே ஒரு தடவை தடவுவார்கள். வால்வுக்காரரும் தடவினார்.

"சார், சலவைக்கடைக்குப் பின்னாடி ஒரு கசிவு. தோண்டணும். உங்க ஆபீஸ் அனுமதி இல்லாம தோண்டக் கூடாதாமே?"

"அங்க தோண்டவே கூடாது. அது ஊத்து."

"எது?"

"நதியோட பிறப்பிடம்."

வால்வுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சார், அந்த ஊத்து காலைல வந்துட்டு, அப்புறம் நின்னுடுமா?"

"ஆமா. அது மூச்சு விடுது."

"சாயங்காலம் திரும்ப வருமா?"

"வரும்."

"அந்த மூச்ச நான்தான் சார் விடறேன். வால்வத் தொறந்தா வரும், மூடுனா நிக்கும். போன மாசம் மாமியாருக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு நாள் நான் வரல. அன்னிக்கு உங்க ஊத்து வந்துச்சா?"

ஊற்றுக்கண்ணுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்று முழுக்க ஊற்று அடங்கியே கிடந்தது. 'இயற்கை எடுத்துக்கொண்ட ஓய்வு' என்று எழுதியிருந்தான்.

"தெரிஞ்சும் இத்தனை நாள் ஏன் சார் சரி பண்ணல?"

"சின்னக் கசிவா இருந்துச்சு. கொஞ்சம் பெருசாகட்டும், ஒரேயடியா பாத்துக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள நீங்க வந்து வேலி போட்டு மாலையும் போட்டுட்டீங்க."

(மாலை போடவில்லை. ரிப்பன்தான் கட்டினார்கள்.)

ஆக, குழாயைச் சரிசெய்ய வேண்டுமென்றால் தோண்ட வேண்டும். தோண்ட வேண்டுமென்றால் அது ஊற்று இல்லை என்று பாதுகாப்பு அலுவலகம் சொல்ல வேண்டும். ஊற்று என்று எழுதியவன் ஊற்றுக்கண். இப்போது கடைசியாகப் பேசியவர் வால்வுக்காரர். ஆகவே அவன் உறுதியோடு எழுந்து இயக்குநர் அறைக்குப் போனான். அங்கே ஏற்கெனவே ஒருவர் பேசத் தயாராக இருந்தார்.

5

இயக்குநரை முதல் பிரதியில் கெட்டவராக எழுதினேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பது, பேனாவால் மேசையைத் தட்டுவது, இத்யாதி. இரண்டு பத்தி தாண்டுவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. அத்தோடு அது பொய்யும்கூட. அந்தப் பள்ளத்தாக்கில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த லாரிகளின் முன்னால் போய் நின்றவர் இந்த அம்மாள். இன்று கீழே நதி நதியாக இருக்கிறது. ஜனங்கள் மூக்கைப் பிடிக்காமல் பாலத்தில் நடக்கிறார்கள். அதற்கு நானே சாட்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த காலமும் எனக்குத் தெரியும்.

"மேடம், அது குழாயாம்."

"யார் சொன்னா?"

"குடிநீர் ஆபீஸ்."

"அவங்க எத மூடலாம்னு பாப்பாங்க. எத காப்பாத்தலாம்னு நாமதான் பாக்கணும். தவள வந்திருக்கா இல்லையா?"

"வந்திருக்கு மேடம்."

"கொக்கு?"

"வந்திருக்கு."

"நம்மள ஏமாத்தலாம். தவளைய ஏமாத்த முடியுமா?"

"முடியாது மேடம்."

"பிறப்பிடம் போச்சுன்னா எல்லைக்கோடு போச்சு. கோடு போச்சுன்னா அடுத்த வாரமே லாரி வரும். குழு வந்து பாத்து கையெழுத்துப் போடட்டும். உங்க அக்காவுக்கு ஊருக்கு வெளிய நல்ல எடமா பாத்துக் குடுக்கலாம்."

வெளியே வந்தபோது அது மறுபடி ஊற்றாகியிருந்தது. மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்திருந்தது.

அன்று மாலை அக்காவிடம் வேறு இடத்தைப் பற்றிச் சொன்னான். அவள் ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கு வெளியவா? அழுக்குத் துணியத் தூக்கிட்டு எவன்டா பஸ் ஏறி வருவான்?"

"மேடம் நல்ல எடமா பாக்கறேன்னு..."

"ஒங்க மேடத்துக்கு யாரு துணி தொவைக்கறது?"

"நீதான்க்கா."

"அவங்க வருவாங்களா அங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். அதோடு அது மறுபடி குழாயாயிற்று.

(இயக்குநருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று கேட்கிறீர்கள். எழுதுகிற எனக்கே தெரியவில்லை. தெரியாதவர் மாதிரி இருக்க அவருக்குத் தெரியும் என்பதுவரை உறுதி.)

6

ஆக, அந்தக் காலை. குழு வந்து ஊற்று பொங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் அங்கேயே கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் கடை மூடல். காய்ந்த சுவரைப் பார்த்தால் கையெழுத்து கிடையாது. எல்லைக்கோடும் கிடையாது, ஊற்றுக்கண்ணுக்கு அலுவலகத்தில் முகமும் கிடையாது.

குழுவின் கார் எங்கோ மாட்டிக்கொண்டது. வெயில் ஏறியது. இயக்குநர் குடையை விரித்தார். வேலிக்குள் தண்ணீர் இன்னும் குமிழியிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தெருவின் எதிர்ப்பக்கத்தில் வால்வுக்காரர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றத் தொடங்கியிருந்தார். காலைத் தண்ணீரை மூடுகிற வேளை.

"குழு வர்ற வரைக்கும் ஊத்து ஓடும்ல?" என்றார் இயக்குநர்.

"பாக்கறேன் மேடம்."

"போய்ப் பாருங்க."

எங்கே போய் என்று அவர் சொல்லவில்லை. வேலிப் பக்கம் அவர் பார்வையும் போகவில்லை. ஊற்றுக்கண் தெருவைக் கடந்தான். நானும் பின்னால் போனேன். போர்வைக்காரனை யார் தடுப்பார்கள்?

வால்வு அறை சிமெண்டில் கட்டிய சின்னப் பெட்டி. இரும்புக் கதவு, வெளியே தாழ்ப்பாள், அதில் கையளவு பூட்டு. வால்வுக்காரர் அப்போதுதான் பூட்டைத் திறந்திருந்தார்.

"கொஞ்ச நேரம் மூடாம விடுங்களேன்" என்றான் ஊற்றுக்கண்.

"எதுக்கு? ஊத்துக்கா?" வால்வுக்காரருக்கு வாயெல்லாம் பல். "இங்க மூடுனாத்தான் சார் மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறும். அங்கேருந்து இன்னும் கொஞ்ச நேரத்துல என் பரம்பரையையே இழுப்பாங்க."

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். முழங்கைவரை சோப்பு நுரை.

"அவரு மூடட்டும்டா. வர்றவங்க காஞ்ச சுவத்தப் பாத்துட்டுப் போகட்டும்."

"சரிக்கா."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. இயக்குநரின் குரல் எனக்கே கேட்டது. "திருப்பத்துல கார் தெரியுது. பாத்துக்கங்க. லாரிய மறந்துடாதீங்க."

"சரி மேடம்."

"ரெண்டு பேருக்கும் சரியா?" என்றார் வால்வுக்காரர். அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாவியைப் பூட்டிலேயே விட்டார். "அக்கா தம்பி நீங்களே முடிவு பண்ணிக்கங்க. சக்கரம் உள்ள இருக்கு. வலப்பக்கம் சுத்துனா மூடிக்கும். விட்டா ஓடும். நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

போயேவிட்டார்.

7

என்னிடம் இருந்த முடிவுகள்:

அவன் மூடிவிடுகிறான். குழுவின் முன்னால், "அது குழாய், தப்பு என்னோடது" என்கிறான். கடை பிழைக்கிறது. அக்கா கண்ணீரோடு அவனை அணைத்துக்கொள்

(அக்கா அணைக்கிற ஆள் இல்லை. அத்தோடு, அடுத்த வாரம் வரும் லாரிகளை யார் எழுதுவது?)

அவன் மூடவில்லை. கையெழுத்து விழுகிறது. நதி பிழைக்கிறது. ஊரின் குடிநீர், வேலி போட்ட பாதுகாப்போடு, தவளைகளுக்குப் போய்ச் சேருகிறது. அக்கா ஊருக்கு வெளியே, யாரும் வராத கடையில்

(என்னால் முடியாது. என் போர்வையும் அங்கே போய்விடும்.)

கடைசியில் தோண்டிப் பார்க்கிறார்கள். குழாய்க்கு அடியில் நிஜமாகவே ஒரு ஊற்று இருக்கிறது.

(கேவலம். ஆனாலும் கொஞ்ச நாள் இதை நம்பிக்கொண்டிருந்தேன்.)

சக்கரத்தைப் பாதி மட்டும் திருப்புகிறான். அலுவலகங்களுக்கு மிகவும் பிடித்த முடிவு இது. அவனுக்கும் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.

8

ஊற்றுக்கண் வாசற்படியில் நின்று கையைப் பிசைந்தான். உள்ளே இருட்டில் சக்கரத்தின் சிவப்பு வண்ணம் மங்கலாகத் தெரிந்தது. எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. துருவாடை. தெருவின் கோடியில் கார் ஒன்று மெதுவாகத் திரும்பியது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?"

எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு ஆயுளில் ஒருமுறைதான் வரும். பாத்திரமே வந்து கேட்கிறது. வாயைத் திறந்தேன்.

"நீ மூடு" என்றாள் அக்கா என்னிடம். "போர்வைக்கு வந்தவன் போர்வைய மட்டும் பாரு."

பிறகு அவன் சட்டைப்பையில் கைவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். அதில் சோப்பு நுரை ஒட்டியது. உடனே அது மறுபடி அடிக்கத் தொடங்கியது. அவள் எடுக்கவில்லை.

"அக்கா, நீ சொல்லுக்கா. நீ சொன்னா செஞ்சுடறேன்."

"தெரியும். அதான் சொல்ல மாட்டேன்."

"கடை போயிடும்க்கா."

"போனா போகட்டும், இருந்தா இருக்கட்டும். கடைசியா எவன் பேசறானோ அவனுக்கு ஆமான்னு சொல்லியே இவ்ளோ வளந்துட்ட. நான் சொல்லி நீ மூடுனா, நாளைக்கு வேற ஒருத்தர் சொல்லித் தொறப்ப. எனக்கு அது வேணாம். உள்ள போ. உள்ள யாரும் இல்ல. யோசி. எதையாவது செய்யி, இல்ல செய்யாத. முடிச்சுட்டுத் தட்டு, தொறக்கறேன்."

அவன் உள்ளே போனான். அவனுக்கு அப்போது என்ன தோன்றியது என்றால்

(இல்லை. இவ்வளவு நேரமும் அவன் காதருகே இருந்து கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.)

முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் திட்டமிட்டிருந்தேன். அதுதான் வழக்கம். ஆனால் உங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும், நீங்களும் சொல்லிவிடுவீர்கள், அவனும் "சரி சார்" என்றுவிடுவான். அதனால் தயவுசெய்து இப்படி வந்து, தெருவில், என் பக்கத்தில் நில்லுங்கள். எதிரே வேலி தெரிகிறது. தண்ணீர் இன்னும் குமிழியிடுகிறதா இல்லையா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்ததை உரக்கச் சொல்ல வேண்டாம். அந்தக் கதவு ஒன்றும் அவ்வளவு கனமானதல்ல.

அக்கா ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினாள்.